கையில் பலம் குறைகிறது, காரணம் தெரியவில்லை: விடை கிடைக்கும் வரை என்ன செய்ய வேண்டும்? ஒரு முழுமையான வழிகாட்டி

தம்பி ஓசூரில் டூவீலர் மெக்கானிக்காக வேலை பார்த்தான். அப்போது 19 வயது. ஒரு மார்கழிக் காலையில் போன் செய்து, "அக்கா, நட்டு போட முடியல, விரல் நிமிர மாட்டேங்குது" என்றான். வலி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். சூடான டீ கிளாஸைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் விரல் நிமிர்ந்துவிடுகிறது என்றும் சொன்னான். ஓசூர் குளிர் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். அந்த டீ கிளாஸ் நோயின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது என்று தெரிய எங்களுக்கு 14 மாதம் ஆனது.

அந்த 14 மாதத்தில் சத்து ஊசி போட்டார்கள். எண்ணெய் போட்டு நீவினார்கள். 19 வயதுப் பையனுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் போன இடத்திலெல்லாம் நாங்கள் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "கையில தெம்பே இல்ல டாக்டர்." அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு படித்தும் கேட்டும் அலைந்தும் நான் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டருக்கு எதிரே உட்காரும்போது உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில், காத்திருக்கக் கூடாத நிலைகள்

கை திடீரென்று, நிமிடக் கணக்கில் பலம் இழந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு 108ஐ அழையுங்கள். கூடவே முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது, அதே பக்கக் கால் இழுப்பது, பார்வை மங்குவது இருந்தால் பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கியது, கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தலை ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னோட்டமாக இருக்கலாம்.

இன்னும் சில உண்டு. விழுந்து அடிபட்டபின் கை தூக்க முடியாமல் போவது, இரண்டு கையும் காலும் சில நாட்களில் மளமளவென்று பலமிழப்பது, மூச்சு விடவோ விழுங்கவோ சிரமப்படுவது, கையோடு சேர்ந்து நடை தள்ளாடிச் சிறுநீர் கட்டுப்பாடும் குறைவது, கை வெளுத்துச் சில்லிட்டுப் போவது. இதில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இடது கையில் கனமும் நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும், அதுவும் உடனே.

இவை எதுவும் இல்லை, வாரக் கணக்கில், மாதக் கணக்கில் கை மெல்ல மெல்லச் சோர்கிறது என்றால், அப்புறம் இதைப் படியுங்கள்.

படி 1: பலவீனமா, வலியா, மரத்துப்போதலா?

நம் பேச்சில் இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். "கை விளங்கல" என்று ஒருவர் சொன்னால் வலியால் தூக்காமல் இருக்கலாம், உணர்ச்சி குறைந்து பொருள் நழுவலாம், நிஜமாகவே தசை வேலை செய்யாமல் இருக்கலாம். மூன்றுக்கும் போகும் பாதை வேறு வேறு.

பிரித்துப் பார்ப்பது எளிது. வலியால் செய்ய முடியாதவர் முதலில் "ஆ" என்பார், பிறகு நிறுத்துவார். பலவீனம் உள்ளவர் முழு மனதோடு முயல்வார், கை வராது, முகத்தில் வலியின் சுளிப்பு இருக்காது. தோள்பட்டைக்கு இன்னொரு சோதனை உண்டு. தானாகக் கையை மேலே தூக்க முடியவில்லை, ஆனால் இன்னொருவர் பிடித்துத் தூக்கினால் எளிதாகப் போகிறது என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம் அல்லது நரம்பில் கோளாறு இருக்கலாம். இன்னொருவர் தூக்கினாலும் பாதியில் பூட்டிக்கொள்கிறது என்றால் அது தோள் இறுக்கம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும். அதற்குப் போக வேண்டியது எலும்பு டாக்டரிடம்.

வலி இல்லாத பலவீனத்தை வீட்டில் யாரும் மதிப்பதில்லை. பல் வலித்தால் இரவோடு இரவாக ஓடுகிறோம், விரல் மடங்கிக்கிடந்தால் பொங்கல் கழியட்டும் என்கிறோம். வலியே இல்லாமல் பலம் மட்டும் குறைந்துகொண்டே போவது வலியைவிட அவசரமாகக் காட்ட வேண்டிய அறிகுறி என்று இப்போது எனக்குத் தெரியும்.

படி 2: கை எதைச் செய்யவில்லை என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நல்ல வெளிச்சத்தில் மேல்சட்டையைக் கழற்றி உட்கார வைத்து, வீட்டில் இன்னொருவர் பார்க்க வேண்டும். இரண்டு கையையும் ஒப்பிட்டே பார்க்க வேண்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு வலது சற்றுப் பருமனாக இருப்பது இயல்பு என்பதையும் மனதில் வையுங்கள்.

முதலில் சதை. தோளின் உருண்டை ஒரு பக்கம் தட்டையாகிவிட்டதா? முன்னங்கை ஒரு பக்கம் மெலிந்திருக்கிறதா? உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பின்பக்கம் உள்ள மேட்டைப் பாருங்கள். அது குழி விழுந்திருந்தால் விரல்களை இயக்கும் சிறு தசைகள் கரைகின்றன என்று பொருள். தம்பிக்கு அந்தக் குழி இருந்தது. நாங்கள் அதை ஒருநாளும் திருப்பிப் பார்க்கவே இல்லை.

அடுத்து ஒவ்வொரு அசைவாகச் செய்யச் சொல்லுங்கள். இரு கையையும் பக்கவாட்டில் தோள் உயரம் தூக்கச் சொல்லி, மேலிருந்து மெல்ல அழுத்துங்கள். முழங்கையை மடக்கச் சொல்லி இழுங்கள், நீட்டச் சொல்லித் தள்ளுங்கள். மணிக்கட்டைப் போலீஸ்காரர் "நில்" என்று காட்டுவதுபோல் நிமிர்த்தச் சொல்லுங்கள். நிமிராமல் தொங்கினால் அது மிக முக்கியமான குறிப்பு. விரல்களை விரிக்கச் சொல்லி மெல்லச் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில், கட்டைவிரலை மடக்காமல் பிடிக்கச் சொல்லி நீங்கள் இழுங்கள். தாளை விடாமல் இருக்கக் கட்டைவிரல் நுனி மடங்கிக்கொண்டால், முழங்கையின் உட்புறம் வழியாக வரும் அல்நார் நரம்பில் கோளாறு இருக்கலாம். கதவு நிலைப்படியில் இடித்தால் சுர்ரென்று மின்சாரம் அடிப்பதுபோல் இருக்குமே, அந்த நரம்புதான்.

பிறகு பத்து விநாடிச் சோதனை. கையை முழுதாக மூடி முழுதாகத் திறக்க வேண்டும், முடிந்த வேகத்தில். பத்து விநாடியில் 20 தடவைக்குக் குறைவாக வந்தால், கழுத்துக்குள் தண்டுவடம் அழுத்தப்படுகிறதா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். சட்டைப் பொத்தான் தடுமாறுவது, கையெழுத்து மாறுவது, நடையில் பிடிமானம் குறைவது இதனோடு சேர்ந்தால் தாமதிக்க வேண்டாம்.

சுவரில் இரு உள்ளங்கையையும் ஊன்றித் தள்ளச் சொல்லி முதுகைப் பாருங்கள். ஒரு தோள்பட்டை எலும்பு மட்டும் இறக்கைபோல் பின்னால் துருத்தினால் அதையும் போட்டோ எடுங்கள். சதைக்குள் புழு நெளிவதுபோல் துடிப்பு தெரிந்தால் வீடியோ எடுங்கள். தோலில் உணர்ச்சி இல்லாத, வெளிறிய படை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

படி 3: ஒரு நோட்டுப் போடுங்கள்

சின்ன நோட்டு போதும். அதில் "தெம்பில்லை" என்ற சொல்லே வரக் கூடாது. தம்பியின் நோட்டில் கடைசியில் எழுதியது இப்படி: "வலது கை. மோதிர விரல், சுண்டு விரல் முதலில். இப்போது எல்லா விரலும். பிளக் கையால் திருக முடியாது, ஸ்பானரால் முடியும். முழங்கை, தோள் நல்ல பலம். மரத்துப்போவதில்லை. குளிரில் மோசம், டீ கிளாஸ் பிடித்தால் கொஞ்சம் சரி. 14 மாதம். முதல் எட்டு மாதம் கூடிக்கொண்டே போனது." இதைப் படித்த நரம்பியல் டாக்டர் நோட்டைக் கீழே வைக்கும் முன்பே கழுத்தைக் குனிய வைத்து ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்.

இவற்றை எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, ஒரே நாளில் வந்ததா, மெல்ல வந்ததா. அதற்கு முந்தைய மாதத்தில் காய்ச்சல், அறுவை சிகிச்சை, தடுப்பூசி, பிரசவம், புதிதாகத் தூக்கிய பாரம் ஏதும் உண்டா. காலையில் மோசமா, மாலையில் மோசமா. தொடங்கும் முன் தோளில் தாங்க முடியாத வலி இருந்ததா. செய்யும் வேலை என்ன. சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும், நாட்டு மருந்தும் சேர்த்து. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் நெடுநாள் ஸ்டீராய்டும் தசையைப் பாதிக்கக் கூடும். பழைய பேட்டரியை உருக்கும், தட்டிச் சரிசெய்யும் வேலையாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஈயம் உடலில் சேர்ந்தால் மணிக்கட்டு தொங்கிப்போகும், அதை ரத்தத்தில் அளந்து பார்க்க முடியும்.

குழந்தையில் போலியோ வந்து தேறியவரா என்பதையும் எழுதுங்கள். இந்தியாவில் இயற்கைப் போலியோ கடைசியாகப் பதிவானது 2011 ஜனவரியில். ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் இப்போது நடுத்தர வயதில் இருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் கழித்து, நன்றாக இருந்த கையிலும் புதிதாகப் பலவீனம் வருவது உண்டு. கால் சூம்பியவர் கைக்காகப் போகும்போது இதைச் சொல்ல மறந்துவிடுவார்.

படி 4: யாரிடம் போவது?

முதலில் ஒரு நல்ல பொது மருத்துவர். சர்க்கரை, தைராய்டு, பி12, ரத்த அளவு, தசை சிதைவைக் காட்டும் சி.பி.கே. ஆகியவற்றை அவரே பார்த்துவிடுவார். இவை செலவு குறைந்தவை, முதலில் முடித்துவிடலாம். அடிபட்டதோ தோள் அசைவோ பிரச்சினை என்றால் எலும்பு டாக்டர். சதை கரைகிறது, விரல் விழுகிறது, துடிக்கிறது, வலியில்லாமல் கூடிக்கொண்டே போகிறது என்றால் நரம்பியல் மருத்துவர், அதாவது நியூராலஜிஸ்ட். நியூரோ சர்ஜன் அறுவை சிகிச்சை செய்பவர். இரண்டும் ஒன்றல்ல, இது தெரியாமல் நாங்கள் ஒரு மாதம் இழந்தோம்.

பெரிய ஊர்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் பிரிவு உண்டு. சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர், வேலூரில் சி.எம்.சி., பெங்களூரில் நிமான்ஸ், திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரை ஆகியவை சிக்கலான நரம்பு நோய்களைத் தினமும் பார்க்கும் இடங்கள். நரம்புத் தளர்ச்சிக்கு உத்தரவாத மருந்து என்று சுவரில் எழுதியிருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். "நரம்புத் தளர்ச்சி" என்ற பெயரில் ஒரு நோயே கிடையாது. அது நாம் புரியாத எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்ட பெயர்.

படி 5: டாக்டர் எதைத் தேடுகிறார்?

இது புரிந்த நாளிலிருந்துதான் நான் சரியான கேள்விகளைக் கேட்கத் தொடங்கினேன். நரம்பியல் மருத்துவர் முதலில் தேடுவது "என்ன நோய்" என்பதை அல்ல, "எந்த இடம்" என்பதை. மூளையில் பிறக்கும் கட்டளை கழுத்தில் தண்டுவடத்துக்கு இறங்கி, அங்கிருந்து நரம்பு வேராகப் பிரிந்து, தோளுக்கடியில் பின்னிப் பிணைந்து, கை நரம்புகளாக ஓடி, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாண்டித் தசையை அடைகிறது. மெக்கானிக்கான தம்பி இதை என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டான். ஹார்ன் அடிக்கவில்லை என்றால் ஸ்விட்ச், வயர், பேட்டரி என்று ஒவ்வோர் இடமாகப் பார்ப்பதுபோல் என்றான். சுத்தியலால் மூட்டில் தட்டுவதும், ஊசியால் குத்திக் கேட்பதும், உள்ளங்காலைக் கீறுவதும் இந்த இடத்தைத் தேடத்தான். கைக்காகப் போனவரின் காலை ஏன் கீறுகிறார் என்று கோபப்பட வேண்டாம்.

அடிக்கடி காணப்படும் இடங்களைச் சொல்கிறேன்.

மணிக்கட்டு: கட்டை, ஆட்காட்டி, நடு விரல்கள் இரவில் மரத்து எழுப்பிவிடும், கையை உதறினால் சரியாகும். மணிக்கட்டுச் சுரங்க அழுத்தம் என்பார்கள். சர்க்கரை, தைராய்டு, கர்ப்பம் இவற்றோடு அதிகம் வரும். விட்டுவைத்தால் கட்டைவிரல் மேடு கரையும். முழங்கை: சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரக்கும், பிடி தளரும். மேல்கை: கையை நாற்காலி முதுகில் தொங்கப்போட்டு அசந்து தூங்கி எழுந்தால் மணிக்கட்டு தொங்கும். இது பெரும்பாலும் வாரங்களிலோ சில மாதங்களிலோ திரும்பிவிடும்.

கழுத்து வேர்: கழுத்திலிருந்து கைக்கு மின்னல்போல் வலி இறங்கும், குறிப்பிட்ட தசைகள் மட்டும் சோரும். கழுத்தின் ஐந்தாவது வேரான சி5 என்றால் தோள் தூக்குவது, ஏழாவதான சி7 என்றால் முழங்கையை நீட்டித் தள்ளுவது. இதில் பெரும்பாலானவை அறுவை இல்லாமலே தேறும். ஆனால் பலவீனம் கூடிக்கொண்டே போனால் நியூரோ சர்ஜனைப் பார்க்க வேண்டும்.

தோள் பின்னல்: ஒரு இரவு தோளில் தாளாத வலி வந்து, சில நாளோ சில வாரமோ கழித்து வலி அடங்கும்போது கை விழுந்திருக்கும். 1948இல் பார்சனேஜ், டர்னர் என்ற இருவர் இதை விவரித்ததால் அவர்கள் பெயரிலேயே அழைக்கிறார்கள். வலி போய்விட்டது, நல்லது என்று மக்கள் நினைக்கும் வேளையில்தான் பலவீனம் தொடங்கும். நெடுநாள் புகைத்தவருக்குத் தோளிலும் கையின் உட்புறத்திலும் விடாத வலி, விரல் சதை கரைவது, ஒரு கண் இமை தாழ்வது சேர்ந்தால் நுரையீரல் உச்சியில் கட்டி இருக்கிறதா என்று நெஞ்சு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்க்க வேண்டும்.

நரம்பு தசை சந்திப்பு: காலையில் நன்றாக இருந்து, செய்யச் செய்யச் சோரும். மாலையில் இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர், ரத்தச் சோதனை உண்டு, நல்ல சிகிச்சையும் உண்டு.

இனி, நம் ஊரில் தவறவிடக் கூடாத மூன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, தொழுநோய். ஒழிந்துவிட்டது என்று நினைக்கிறோம், ஒழியவில்லை. அது முதலில் தாக்கும் நரம்புகளில் முழங்கையின் அல்நார் நரம்பு முக்கியமானது. அந்த நரம்பு கயிறுபோல் தடித்திருக்கும், தோலில் உணர்வற்ற படை இருக்கலாம், சுண்டு விரல் வளையத் தொடங்கும். சில பேருக்குப் படையே இல்லாமல் நரம்பு மட்டும் பாதிக்கும். கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். நரம்பு பலமிழந்து ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால் திரும்பும் வாய்ப்பு அதிகம். வெட்கத்தால் ஆறு மாதத்தைத் தொலைத்துவிட்டு வாழ்நாள் முழுக்க வளைந்த விரலோடு இருப்பவர்கள் உண்டு, அதை நினைத்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

இரண்டு, ஹிராயாமா நோய். தம்பிக்கு வந்தது. 1959இல் ஜப்பானில் கெய்சோ ஹிராயாமா விவரித்தார். ஜப்பானில் மட்டுமல்ல, இந்தியாவிலிருந்தும் நிறையப் பேர் பதிவாகியிருக்கிறார்கள். 15 முதல் 25 வயதுக்குள் உள்ள ஆண்களுக்கே பெரும்பாலும் வரும். ஒரு கை அல்லது ஒரு கை அதிகமாகவும் மறு கை குறைவாகவும் மெலியும். மரத்துப்போகாது, வலிக்காது. குளிரில் விரல் நிமிராது. கழுத்தைக் குனியும்போது தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறை முன்னால் நகர்ந்து தண்டுவடத்தை அழுத்துவதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். அதனால் நிமிர்ந்து படுத்தபடி எடுக்கும் வழக்கமான எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தப்பிவிடும். கழுத்தைக் குனிய வைத்து எடுக்க வேண்டும். தம்பிக்கு முதலில் எடுத்த ஸ்கேன் நார்மல் என்றது, குனிய வைத்து எடுத்தபோதுதான் விடை தெரிந்தது. இது தானாகவே சில ஆண்டுகளில் நின்றுவிடும். நிற்கும் வரை கரைவதைக் குறைக்கக் கழுத்துக் காலர் போடச் சொல்வார்கள். கரைந்த சதை பெரும்பாலும் திரும்பாது. எங்கள் 14 மாதத்தின் விலை அதுதான்.

மூன்று, எல்லோரும் இணையத்தில் தேடிப் பயப்படும் ஏ.எல்.எஸ். என்னும் இயக்க நரம்பணு நோய். வலியில்லாத, ஒரு பகுதியில் தொடங்கிப் பரவும் பலவீனம் என்பதால் பயம் இயல்பு. ஆனால் வெறும் சதைத் துடிப்பு மட்டும், பலவீனம் இல்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் தீங்கற்றது. தூக்கமின்மையிலும் கவலையிலும் அதிகமாகும். அதோடு, அப்படியே வேஷம் போடும் நோய்கள் இருக்கின்றன. பன்முக இயக்க நரம்பு நோய் என்று ஒன்று, மரத்துப்போகாமல் விரலும் மணிக்கட்டும் மெல்ல விழும். நரம்புக் கடத்தல் சோதனையில் நடுவழியில் மின்னோட்டம் தடைபடுவது தெரியும். இம்யூனோகுளோபுலின் ஊசியால் பலம் திரும்புகிறது, ஸ்டீராய்டு உதவாது, மோசமாக்கவும் கூடும். 1970இல் சென்னை மருத்துவர்கள் விவரித்து, இந்நகரின் பெயரிலேயே "மெட்ராஸ்" வகை என்று உலகம் அழைக்கும் ஒரு வகையும் உண்டு. அது இளம் வயதில் தொடங்கும், கை கால் மெலிவோடு காதும் மந்தமாகும், ஆனால் மிக மெதுவாகவே நகரும். அதனால், சோதனைகள் முடியும் முன் நீங்களே ஒரு பெயரை முடிவு செய்துகொண்டு இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள்.

படி 6: சோதனைகள், அவற்றுக்குப் போகும் முன்

நரம்புக் கடத்தல் சோதனையும் ஈ.எம்.ஜி.யும் பெரும்பாலும் ஒரே நாளில் நடக்கும். முதலாவதில் சின்னச் சின்ன ஷாக் கொடுப்பார்கள், இரண்டாவதில் மெல்லிய ஊசியைத் தசையில் செருகி மின் அலையைப் பார்ப்பார்கள். சுருக்கென்று இருக்கும், தாங்க முடியாத வலி இல்லை. அன்று கையில் எண்ணெயோ கிரீமோ தடவாதீர்கள். கை சில்லென்று இருந்தால் நரம்பு மெதுவாகக் கடத்துவதாகத் தவறாகக் காட்டும், எனவே சூடாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லுங்கள். பலவீனம் திடீரென்று வந்திருந்தால், ஈ.எம்.ஜி.யில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். நாலாம் நாள் எடுத்து நார்மல் என்று வந்தால் அதை நம்பி விட்டுவிட வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது எந்த இடம், எதைத் தேடி என்று டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறாரா பாருங்கள். இளைஞனுக்குக் கை மெலிந்தால், "குனிந்த நிலையிலும் எடுக்க வேண்டுமா டாக்டர்?" என்று ஒரு முறை பணிவாகக் கேட்டுவிடுங்கள். சி.டி.யையும் பிலிமையும் வாங்கி வையுங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

படி 7: "தேய்மானம்" என்றால், "எல்லாம் நார்மல்" என்றால்

நாற்பதைத் தாண்டியவர்களில் எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் கழுத்து ஸ்கேனில் வட்டு, அதாவது எலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க், பிதுங்கியிருப்பது தெரியும். எனவே ஸ்கேனில் தேய்மானம் இருப்பதாலேயே கைக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஸ்கேனில் அழுத்தம் தெரியும் வேரும், இவருக்குச் சோர்ந்திருக்கும் தசையும் ஒத்துப்போகின்றனவா டாக்டர்?" ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகவில்லை என்றால் தேடல் முடியவில்லை. அறுவை சிகிச்சை பேச்சு வந்தால் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.

எல்லாம் நார்மல் என்றால், எந்தெந்த இடங்களைப் பார்த்து விலக்கியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அதே சோதனைகளை ஒப்பிடுவது நரம்பியலில் வழக்கமான முறை. சில நோய்கள் தங்களைக் காட்டிக்கொள்ள நேரம் எடுக்கும். செயல்பாட்டு நரம்புக் கோளாறு என்று ஒன்றும் உண்டு. நரம்பும் தசையும் முழுதாக இருந்தும் மூளையின் கட்டளை சரியாகப் போய்ச் சேராத நிலை. அதை "நடிப்பு" என்றோ "மனசு சரியில்லை" என்றோ வீட்டில் பேசாதீர்கள். பரிசோதனையில் அதற்கென்றே தெளிவான அடையாளங்கள் இருக்கின்றன, அதற்கான பிசியோதெரபியும் இருக்கிறது. வேறு எதுவும் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் அந்தப் பெயரைச் சூட்டினால், எந்த அடையாளத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

படி 8: விடை வரும் வரை கையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தை மடக்கென்று திருப்புகிறவரிடம் போகவே வேண்டாம். தண்டுவடம் ஏற்கெனவே அழுத்தத்தில் இருந்தால் அந்த ஒரு திருப்பு ஆபத்து. பெயர் தெரியாத பொடி, மாத்திரைப் பொட்டலங்களும் வேண்டாம், சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

மூட்டுகள் இறுகாமல் இருக்கத் தினமும் இரண்டு வேளை, நல்ல கையால் பிடித்து ஒவ்வொரு விரலையும் முழுதாக நீட்டி மடக்குங்கள். நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அது வந்து சேரும்போது மூட்டு கல்லாகியிருந்தால் பயனில்லை. மணிக்கட்டு தொங்கினால் தாங்கும் பட்டை கேளுங்கள். பலவீனமான தசையைப் பந்து அமுக்கி அமுக்கிச் சோர வைக்காதீர்கள், எவ்வளவு பயிற்சி என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் அடுப்படியில் துணி பிடித்தே பாத்திரம் இறக்குங்கள். வண்டி ஓட்டும்போது பிரேக்கை முழுதாகப் பிடிக்க முடியவில்லை என்றால் ஓட்டாதீர்கள்.

மாதம் ஒரு முறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இரு கையையும் போட்டோ எடுங்கள். முழங்கை மடிப்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே டெய்லர் டேப்பால் சுற்றளவு எடுத்து நோட்டில் எழுதுங்கள். "கூடிடுச்சா, அப்படியே இருக்கா?" என்று டாக்டர் கேட்கும்போது ஞாபகத்திலிருந்து சொல்வதைவிட அந்த எண்கள் ஆயிரம் மடங்கு மேல்.

படி 9: பெயர் கிடைத்தபின்

பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்விகள்: இது நிற்குமா, கூடுமா? எவ்வளவு பலம் திரும்பும், எத்தனை மாதத்தில்? எந்த அறிகுறி வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் வர வேண்டும்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அனுமதிக்கும் முன்பே காப்பீட்டுக் கவுன்டரில் காட்டுங்கள். கை நிரந்தரமாகப் பலமிழந்தால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெறலாம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். தம்பி முதலில் மறுத்தான். "நான் வேலைக்குப் போறேன், எனக்கெதுக்குக்கா?" என்றான். வேலைக்குப் போகத்தான்டா என்றேன்.

காலரை இரண்டரை வருடம் போட்டான். ஒர்க்ஷாப் சூட்டில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. குனிந்து பார்க்கும் வேலையைக் குறைக்க வண்டியை ஸ்டாண்டில் உயரத்தில் ஏற்றிவைத்துக்கொண்டான். முன்னங்கைச் சுற்றளவு நோட்டில் ஒன்றரை வருடமாக ஒரே எண்ணில் நிற்கிறது. சின்ன நட்டை இப்போதும் விரலால் பிடிக்க வராது. காந்தம் வைத்த சாக்கெட்டில் நட்டை ஒட்டவைத்து இடது கையால் உள்ளே கொண்டுபோகிறான்.